எரிவாயுக் காரும் ஏட்டுச் சான்றுகளும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

பெட்ரோல் காரை எரிவாயுவில் ஓடும்படி மாற்றுவது எப்படி என்று கேட்டால், எங்கள் பூரணாங்குப்பத்திலிருந்து தவளக்குப்பம் சந்திப்புக்கு வந்து சேர்வதற்குள் நான்கு பேராவது விளக்கம் சொல்லிவிடுவார்கள். கிட் என்ன விலை, ஒரு கிலோ வாயுவுக்கு எத்தனை கிலோமீட்டர், போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் மாற்றிய பிறகு எந்தத் தாளை எந்த அலுவலகத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் தம்பி" என்பதே விடையாக வரும். என் சித்தப்பாவுக்கும் அந்த விடைதான் கிடைத்தது. அதன் பயனாக என் சித்தியின் மூன்று சவரன் சங்கிலி பல மாதங்கள் அடகுக் கடையில் உறங்கியது.

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றபோது, என் பாடமாகிய வேதியியலிலிருந்து ஏதேனும் ஒன்றை எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். மீத்தேன் வாயுவைப் பற்றி எழுதத் தொடங்கினேன். இரண்டு பத்தி எழுதுவதற்குள் மீத்தேன் சித்தப்பாவின் காருக்குள் போய்விட்டது. கார் காப்பீட்டுக் கம்பெனியில் போய் நின்றது. ஆகவே கட்டுரையும் அவ்வழியே செல்கிறது. வேதியியல் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

முதலில் வாயுவைப் பார்த்துவிடுவோம். கார்களில் பயன்படும் எரிவாயு இரு வகை. ஒன்று சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை வாயு. அதன் பெரும்பகுதி மீத்தேன். மற்றது எல்.பி.ஜி. எனப்படும் திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. மீத்தேனின் மூலக்கூறு எடை 16, புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. நாம் சுவாசிக்கும் காற்றின் சராசரியோ ஏறக்குறைய 29. இந்த நான்கு எண்களிலேயே பாதிச் செய்தி அடங்கிவிடுகிறது. கசிந்தால் சி.என்.ஜி. மேலே எழும்பிக் கலைந்து போகும். எல்.பி.ஜி.யோ கீழே இறங்கி டிக்கியின் பள்ளத்திலும், பட்டறையின் குழியிலும் தேங்கி நிற்கும்.

மற்றொரு வேறுபாடு அழுத்தம். எல்.பி.ஜி. சில பார் அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். சி.என்.ஜி.யை அப்படித் திரவமாக்க முடியாது. எனவே 200 பார் அழுத்தத்தில் அடைத்து வைக்கிறார்கள். காரின் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார். டயரைப்போல் நூறு மடங்கு அழுத்தத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் குடும்பத்தோடு கோவிலுக்குப் போகிறோம். இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அன்று. முறையாகச் செய்து, முறையாகச் சோதித்த உருளை அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே பிறந்தது. அந்த 'முறையாக' என்ற சொல்லுக்குச் சான்று தாளில் இருக்கிறது. தாளைப் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வண்டியின் எரிபொருளை மாற்றுவது இன்று நேற்று வந்த பழக்கமும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, சென்னை மாகாணத்தில் பஸ்களின் பின்புறம் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அதிலிருந்து வரும் கரிவாயுவில் ஓட்டினார்கள். 'கரி பஸ்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்களாம். நம் காலத்தில் இந்த மாற்றத்துக்கு வேகம் கொடுத்தது தில்லிப் புகை. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் பிறப்பித்த ஆணையின்படி தில்லியின் பஸ்கள் சி.என்.ஜி.க்கு மாறின. பின்னர் நாடெங்கும் நகரத்துக்கு நகரம் வாயு நிலையங்கள் வந்தன. நம் புதுச்சேரிக்கும் வந்துவிட்டன.

சித்தப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் காண்ட்ராக்ட் எடுப்பவர். வில்லியனூர், பாகூர், சில வேளை கடலூர் வரை வேலை இருக்கும். பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வாடகைக்கு விடுவதில்லை, தாமும் தம் ஆட்களும் போய்வருவதற்கு மட்டும். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று, நான் பிளஸ் டூ படிக்கும்போது, எல்லைக்கு அப்பால் ஒரு பட்டறையில் சி.என்.ஜி. கிட் பொருத்திக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் எல்லை என்பது பெரிய தூரம் அன்று; கடலூர் சாலையில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேறு மாநிலம் வந்துவிடும். "ஆர்.சி. வேலையெல்லாம் நாங்களே பாத்துக்குவோம்ணே" என்று பட்டறைக்காரர் சொன்னாராம். ஒரு பில் கொடுத்தார். அதில் கிட்டின் எண்ணும் இல்லை, உருளையின் எண்ணும் இல்லை. மொத்தத் தொகை மட்டும் தெளிவாக இருந்தது. மாதத்துக்கு இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு மிச்சம் என்று சித்தப்பா மகிழ்ந்தார். நாங்களும் மகிழ்ந்தோம்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களும் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் பொது விதி. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பேட்டரி, சி.என்.ஜி., எல்.பி.ஜி., சூரிய சக்தி முதலியவற்றில் ஓடுவதற்காகக் கிட் பொருத்திக்கொள்வதற்கு இடம் தரப்பட்டது; ஆனால் விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு மட்டுமே. முன் ஒப்புதல் இன்றி மாற்றம் செய்தவர், 14 நாட்களுக்குள் தாம் வசிக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்து, ஆர்.சி.யையும் கட்டணத்தையும் சேர்த்து அளித்து, மாற்றத்தை அதில் பதியச் செய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

'தாம் வசிக்கும் பகுதியின்' என்ற சொற்களைக் கவனியுங்கள். பொருத்தியது தமிழ்நாட்டில் என்பதால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும் என்று சித்தப்பா நினைத்தார். வண்டியோ பி.ஒய். எண் கொண்டது, வீடு பூரணாங்குப்பத்தில். ஆகவே பதிய வேண்டியது புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையில். பட்டறைக்காரர் எவ்வளவு நல்லவராயினும் அவர் கையில் இந்த வேலை முடிந்திருக்க முடியாது. காரைப் புதுச்சேரி ஆய்வாளர் முன் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும் அல்லவா?

52-ஆம் பிரிவை நீதிமன்றம் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2019 ஜனவரியில் ஆர்.டி.ஓ.வுக்கும் ஜெயச்சந்திரா என்பவருக்கும் இடையிலான கேரள வழக்கில், தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றத்தைப் பதிவு அலுவலகம் ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வண்டியின் உடலமைப்பைப் பற்றிய வழக்கு. எரிபொருள் கிட்டுக்குச் சட்டமே தனிவழி திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழியில்தான் போக வேண்டும்.

அந்த வழியின் முதல் வாயில், கிட்டுக்கே உரிய ஒப்புதல். கடைக்காரர் பெட்டியில் எடுத்துக் காட்டும் எந்தக் கிட்டையும் பூட்டிவிட முடியாது. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரிலுள்ள ஐகேட் போன்ற சோதனை நிலையங்களில் ஒன்று, இன்ன கொள்ளளவுள்ள எஞ்சினுக்கு, இன்ன புகை விதிக்குட்பட்ட வண்டிக்கு இந்தக் கிட் ஏற்றது என்று வகை ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். அந்த ஒப்புதலுக்கும் மூன்று ஆண்டு என்று கால எல்லை உண்டு. பி.எஸ்.-6 வகைப் பெட்ரோல் கார்களுக்குக் கிட் பொருத்துவதற்கு மத்திய அரசு விதி வகுத்ததே 2022-இல்தான். ஆகவே "எந்த வண்டிக்கும் போடலாம்" என்று யாரேனும் சொன்னால், சான்றிதழின் நகலைக் கேட்பது நம் உரிமை. கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கமே ஒரு விடை.

வீட்டுச் சமையல் உருளையைக் காருக்குள் வைத்து ஓட்டும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 14.2 கிலோ சிவப்பு உருளை அடுப்புக்கு மானியத்தோடு வந்தது. அது படுத்துக் கிடந்து குலுங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. கார்களுக்கான எல்.பி.ஜி. தொட்டியில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பாதபடி தடுக்கும் வால்வு உண்டு. திரவம் வெயிலில் விரிவதற்கு இடம் வேண்டுமே! சமையல் உருளையில் அந்த வால்வு இல்லை. 2000-ஆம் ஆண்டு எல்.பி.ஜி. விநியோக ஒழுங்குமுறை ஆணை இதைத் தடை செய்கிறது. இதற்குக் காப்பீட்டுக் கம்பெனியிடம் நியாயம் பேச யாராலும் முடியாது.

இரண்டாவது வாயில் உருளை. இந்த இடத்தில் ஒரு வேதியியல் மாணவன் சற்று நின்று பார்க்காமல் போக முடியவில்லை. சி.என்.ஜி. உருளைகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீர்ச்சோதனைக்கு உட்படுத்த வேண்டும், எல்.பி.ஜி. தொட்டிகளுக்கு ஐந்து ஆண்டு. இதை மேற்பார்வை செய்வது போக்குவரத்துத் துறை அன்று. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' என்னும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் உருளையைக் கழற்றி, நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஐந்தில் மூன்று பங்கு கூடுதலாக அன்று, மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக, அதாவது 200 பார் உருளையை ஏறக்குறைய 334 பாருக்கு ஏற்றுகிறார்கள். (முதலில் நானும் அந்தப் பின்னத்தைத் தவறாகத்தான் குறித்துக்கொண்டேன். 200-ஐ 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுக்க வேண்டும்.)

ஏன் காற்றை விட்டுச் சோதிக்காமல் நீரை விடுகிறார்கள்? காற்று அழுந்தும், அழுந்தும்போது ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உருளை பிளந்தால் அந்த ஆற்றல் முழுவதும் ஒரு நொடியில் வெளியேறும். நீரோ பெரும்பாலும் அழுந்துவதில்லை. பிளந்தாலும் நீர் சிதறும், அவ்வளவே. அழுத்தம் ஏறும்போது உருளை மயிரிழை அளவு பருக்கும். அழுத்தத்தை இறக்கியதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். உருளையை நீர்த்தொட்டிக்குள் வைத்துச் சோதித்து, வெளியேறும் நீரின் அளவைக்கொண்டு அந்தப் பருமனை அளக்கிறார்கள். திரும்பாமல் தங்கிவிடும் விரிவு அனுமதித்த அளவுக்கு மேற்பட்டால், உலோகம் களைத்துவிட்டது என்று பொருள், உருளை கழிக்கப்படும். ஆர்க்கிமிடீஸ் இன்றும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

சோதித்த தேதியும் அடுத்த தேதியும் எழுதிய தகடு ஒன்று வண்டியில் இருக்கும். வாயு நிலையத்தில் நிரப்புவதற்கு முன் அதைப் பார்ப்பது முறை. சித்தப்பா காரிலும் ஒரு தகடு இருந்தது. அதிலிருந்த எண்ணும் உருளையின் கழுத்தில் பொறித்திருந்த எண்ணும் வேறு வேறு என்பது, கார் மோதிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாவது வாயில் போக்குவரத்து அலுவலகம். ஆர்.சி. புத்தகம் என்கிறோம், அது அட்டையாகிப் பல ஆண்டுகள் ஆயின. மாற்றத்தைப் பதிவதற்கான விண்ணப்பம், ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, கிட்டின் பில், கிட்டின் வகை ஒப்புதல் நகல், பொருத்திய அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் சான்று, உருளைச் சோதனைச் சான்று ஆகியவற்றோடு வண்டியையும் கொண்டு செல்ல வேண்டும். கடனில் உள்ள வண்டியாயின் கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதத்தை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் எண், கிட் எண், உருளை எண் மூன்றையும் தாளோடு ஒப்பிடுவார். ஒத்திருந்தால் எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்' என்றிருப்பது 'பெட்ரோல்/சி.என்.ஜி.' என்று மாறும். ஒரு சாய்வுக்கோடும் மூன்று எழுத்தும்தான் கூடுகின்றன. அவற்றுக்காகத்தான் இத்தனையும்.

இனிக் காப்பீடு. ஆர்.சி. மாறிவிட்டால் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. தெரியாது. பெசோவின் சோதனை போக்குவரத்துத் துறைக்குத் தானாகப் போவதில்லை; போக்குவரத்துத் துறையின் பதிவு பாலிசிக்குள் தானாக ஏறுவதில்லை. மூன்று ஏடுகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்குக் கொண்டுபோகும் தபால்காரர் வண்டியின் உரிமையாளரேயன்றி வேறு யாரும் இல்லை. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததே இதைத்தான்.

மாற்றம் பதிவானவுடன், புதிய ஆர்.சி.யின் நகலையும் கிட்டின் பில்லையும் இணைத்து, பாலிசியில் சேர்க்கும்படி கம்பெனிக்கு எழுத்து மூலம் கேட்க வேண்டும். பாலிசி முடியும் வரை காத்திருக்கக் கூடாது. 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டணப் பட்டியலில் இதற்கென்று 25-ஆம் எண் பின்குறிப்பு ஒன்று உள்ளது. வெளியில் பொருத்திய கிட்டின் மதிப்பைத் தனியே சொல்லி, அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் பிரீமியம். மூன்றாம் நபர் பொறுப்புக்காக 60 ரூபாய். 2007 முதல் சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்றாகிவிட்டது. எனினும் கணக்கின் வடிவம் இதுவே. 45,000 ரூபாய்க் கிட் என்றால் 1,800-உம் 60-உம் சேர்த்து 1,860 ரூபாய், வரி தனி. ஒரு மாதத்து மிச்சத்துக்கும் குறைவு.

இந்த 1,860 ரூபாயைக் கட்டாமல் விட்டது யார் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவனே. அப்பா ஐந்தாம் வகுப்பு, சித்தப்பா எட்டு. முதலாண்டு சேர்ந்ததிலிருந்து ரேஷன் அட்டை, வங்கிக் கடிதம், மின்கட்டண ரசீது எதுவானாலும் "தம்பிகிட்ட குடு, அவன் படிச்சவன்" என்று என்னிடம் வந்துவிடும். அப்படித்தான் சித்தப்பாவின் கார் பாலிசியைப் புதுப்பிக்கும் வேலையும் வந்தது. கைப்பேசியிலேயே செய்தேன். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி: வண்டியில் வெளியிலிருந்து பொருத்திய சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட் உள்ளதா? ஆர்.சி.யைப் பார்த்தேன், 'பெட்ரோல்' என்றிருந்தது. ஆர்.சி.யில் இல்லாததை நாம் சொன்னால் ஏதாவது சிக்கல் வருமோ என்று எண்ணி, 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டேன். பிரீமியமும் குறைவாக வந்தது. சித்தப்பா தட்டிக் கொடுத்தார்.

கார்த்திகை மாத மழையில், கடலூர் சாலையில் முன்னே போன லாரி திடீரென்று நிற்க, கார் அதன் பின்புறம் மோதியது. யாருக்கும் காயம் இல்லை. பானெட், ரேடியேட்டர், விளக்குகள், எஞ்சின் அருகே இருந்த கிட்டின் ரெகுலேட்டர் எல்லாம் நசுங்கின. வாயு கசியவில்லை, தீப்பற்றவில்லை. மதிப்பீடு 62,000 ரூபாய். கம்பெனியின் சர்வேயர் வந்து படமெடுத்தார். பின்னர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். உருளையைப் பார்த்தார், ஆர்.சி.யைப் பார்த்தார், பாலிசியைப் பார்த்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கோரிக்கை மறுக்கப்பட்டது என்பது புரிந்தது, காரணம் புரியவில்லை. 'மெட்டீரியல் ஃபேக்ட்' என்ற ஒன்றை நாங்கள் மறைத்துவிட்டோமாம். மெட்டீரியல் என்றால் பருப்பொருள் என்றுதானே அறிவியல் மாணவனுக்குத் தோன்றும்? உருளை இரும்பாலானது என்பதை மறைத்துவிட்டோம் என்கிறார்களோ என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினேன். மறுநாள் வணிகவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். காப்பீட்டுச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு 'முடிவைப் பாதிக்கக்கூடிய முக்கிய உண்மை' என்று பொருள். ஒரு வண்டியைக் காப்பீட்டுக்கு ஏற்பதா, எவ்வளவு பிரீமியம் வாங்குவது என்று கம்பெனி முடிவெடுக்க உதவும் எந்த உண்மையும் இதில் அடங்கும். வண்டியைக் கம்பெனி நேரில் பார்ப்பதில்லை. நாம் சொல்வதை நம்பியே ஒப்பந்தம் செய்கிறது. அதனால்தான் காப்பீடு முழுமையான நன்னம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் எனப்படுகிறது. "இந்த 'இல்லை'யைப் போட்டது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அன்றிரவே சொல்லிவிடும்படி கூறினார், சொன்னேன். சித்தப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிட் போட்டது நான்தானேடா" என்றார். மறுநாள் சித்தி சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்.

கிட் காரணமாக விபத்து நேரவில்லையே, பிறகு ஏன் முழுவதையும் மறுக்க வேண்டும் என்பது எங்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்றுதான் பேராசிரியரும் கருதினார். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும், கோரிக்கையை அடியோடு தள்ளாமல் 75 விழுக்காடு வரை தரலாம் என்ற வழக்கம் கம்பெனிகளிடையே உண்டு. அமலேந்து சாஹூ வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தை எடுத்துக் கூறி, ஒரு பகுதித் தொகையை வழங்கச் செய்தது. அது சொந்த உபயோகக் காரை வாடகைக்கு விட்டதாகச் சொல்லப்பட்ட வழக்கு. எங்களுடையது வேறு, ஏனெனில் எங்கள் பக்கம் ஒரு தவறான 'இல்லை' இருந்தது. எல்லா வழக்கிலும் 75 கிடைக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தீயினால் சேதம் என்றிருந்தால் எங்கள் பேச்சு எடுபட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

மற்றவர் யாரேனும் காயமடைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணினால் இன்றும் உடல் சில்லிடுகிறது. மூன்றாம் நபருக்கு இழப்பீடு தரும் பொறுப்பிலிருந்து கம்பெனி நழுவுவதற்குரிய காரணங்களைச் சட்டம் ஒரு சிறு பட்டியலாகக் குறுக்கி வைத்துள்ளது. இப்போது அது 150-ஆம் பிரிவு. அந்தப் பட்டியலில் 'கேஸ் கிட்' என்ற சொல் இல்லை. ஆனால் முக்கிய உண்மையைச் சொல்லாமல் பெற்ற பாலிசி என்பது இருக்கிறது.

கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதினோம். நடந்ததை நடந்தபடியே, நான் கட்டத்தைத் தொட்டது உட்பட, எழுதினேன். மறுப்பே மீண்டும் வந்தது. பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு விண்ணப்பித்தோம். இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனியிடம் முதலில் முறையிட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இங்கே வரலாம். நம் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். மாஹேக்குக் கொச்சி, ஏனாமுக்கு ஐதராபாத். ஒரே யூனியன் பிரதேசம், மூன்று திசை!

சமரசப் பேச்சில் கம்பெனி இறங்கி வந்தது. கிட்டின் பாகங்களுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு நாங்கள் பிரீமியம் கட்டவில்லை, ஆகவே அது சரியே. மற்றவற்றில் தேய்மானம் போக, எஞ்சியதில் முக்கால் பங்கு. 36,000 ரூபாய்ச் சொச்சம் வந்தது. மோதிய நாளிலிருந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அடகு வட்டி போக, சங்கிலி மீண்டது.

பழைய கிட்டைப் பதிவு செய்ய முயன்றதும் ஒரு கதை. பில்லில் எண் இல்லை. தகடு வேறு உருளையுடையது. பிறர் பொருத்தியதற்குச் சான்று தர அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் மறுத்தன; அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் அந்தக் கிட்டையும் உருளையையும் கழற்றிப் போட்டு, வகை ஒப்புதல் உள்ள வேறொன்றைப் பொருத்தினோம். முதல் கிட்டினால் சித்தப்பா மிச்சப்படுத்தியது, இரண்டாவது கிட்டின் விலைக்குச் சரியாகப் போயிற்று. இம்முறை பில்லில் ஒவ்வோர் எண்ணையும் நான் கைவிரலால் தொட்டு, பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளாத குறையாக, உருளைக் கழுத்தோடு ஒப்பிட்டேன். ஒன்பதாம் நாள் போக்குவரத்து அலுவலகத்தில் கார் நின்றது.

இப்போது டிக்கி மூடியின் உட்புறத்தில், அடுத்த நீர்ச்சோதனைக்குரிய மாதமும் ஆண்டும் மஞ்சள் எனாமலில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியது சித்தப்பாவே, எழுத்து மிக அழகாக இருக்கிறது. சென்ற மாதம் பாலிசியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அதே கேள்வி வந்தபோது, கைப்பேசியைத் தம் பக்கம் திருப்பச் சொல்லி, "என்ன கேக்கறான், தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னேன். 'ஆம்' என்ற கட்டத்தை அவரே தொட்டார்.